சைட்டேஷன்: மேற்கோளா, எடுத்தாட்சியா?

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தம் எழுத்தில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கையே 'சைட்டேஷன்' என்ற சொல்லால் குறிக்கிறோம். தமிழில் இதனை 'மேற்கோள்' என்று எழுதுவது பெருவழக்கு. ஆனால் அச்சொல் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

சைட்டேஷனின் மூலம் 'சிட்டாரே' என்னும் இலத்தீன் வினை. அசைத்தல், அழைத்தல் என்பன அதன் பொருள்கள். ஆங்கிலத்தில் அது முதலில் நீதிமன்ற அழைப்பாணையையே குறித்தது. ஒரு நூலையோ ஆசிரியரையோ சான்றாக அழைத்தல் என்ற பொருள் பின்னர் வந்தது. மன்றத்தோடு அச்சொல்லுக்கு இருந்த உறவு அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு பின்வந்த தீர்ப்புகளில் எங்கெங்கே சுட்டப்பட்டது என்று காட்டும் 'ஷெப்பர்ட்ஸ்' அட்டவணை 1873இல் தொடங்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என்று அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார்; 1964இல் அதனை வெளியிடவும் செய்தார்.

'மேற்கோள்' மேற்கொள் என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பழஞ்சூத்திரங்களை நூலுள் எடுத்துக்கொள்வது ஏன் என்று விளக்கும் நன்னூல் பாயிர வெண்பா, முன்னோரின் பொருளை மட்டுமன்றி அவர்தம் மொழியையும் பொன்போலப் போற்றுவதை ஒரு காரணமாகச் சொல்கிறது. அதே வெண்பாவில் 'மேற்கோள்' என்ற சொல்லும் வருகிறது. ஆனால் பிறர் கூற்று என்ற பொருளில் அன்று, ஒருவர் மேற்கொண்ட கொள்கை என்ற பொருளில். தருக்க நூல்களில் நிறுவவேண்டிய கூற்றுக்கும் இதுவே பெயர். இன்றோ பிறர் வாசகத்தை அப்படியே எடுத்துரைப்பதற்கு அது நிலைத்துவிட்டது. சைட்டேஷனுக்கு வாசகம் வேண்டியதில்லை, சுட்டினாலே போதும். 'சான்று' என்பதும் சிக்கலானதே: தவறு என்று மறுப்பதற்காகச் சுட்டப்பட்ட கட்டுரைக்கும் கணக்கில் ஒன்று கூடும். மன்றத்துக்கு அழைக்கப்படுபவர் சாட்சியாகவும் இருக்கலாம், குற்றஞ்சாட்டப்பட்டவராகவும் இருக்கலாம் அல்லவா? எனவே ஏற்பையோ மறுப்பையோ உட்கொள்ளாத 'எடுத்தாளல்' என்ற வினையிலிருந்து, சொல்லாட்சி போல, 'எடுத்தாட்சி' என்று வழங்குவதே தகும் என்பது என் கருத்து.

எடுத்தாட்சியைக் கொண்டு ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலர் 2005இல் வகுத்தது எச்-சுட்டெண். ஓர் எண்ணளவு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அதே எண்ணளவு முறை எடுத்தாளப்பட்டிருந்தால், அத்தகைய எண்களுள் மிகப் பெரியதே அந்தச் சுட்டெண். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 5, 4, 1 முறை எடுத்தாளப்பட்டிருந்தால், குறைந்தது 4 எடுத்தாட்சிகள் பெற்ற கட்டுரைகள் 4 என்பதால், அவருடைய சுட்டெண் 4. முதற்கட்டுரையின் 40 என்பது 400 ஆனாலும் இது மாறாது.

பல துறைகளில் எழுதுபவரிடம்தான் இந்த எண் மிகவும் தடுமாறுகிறது. உயிர்மருத்துவக் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல் நீளமானது, கணிதக் கட்டுரைகளினது பெரும்பாலும் குறுகியது. இலக்கியம், வரலாறு போன்ற மானுடத் துறைகளிலோ நூல்களே முதன்மை பெறுவதால் இதழ்வழி அட்டவணைகளில் பல எடுத்தாட்சிகள் பதிவாவதே இல்லை. ஆகவே ஒரே ஆய்வாளர் கணிதத்தில் பெற்ற 30 எடுத்தாட்சிகளையும் மருத்துவத்தில் பெற்ற 30 எடுத்தாட்சிகளையும் கூட்டி 60 என்பது பொருளற்ற கூட்டல். ஒவ்வொரு கட்டுரையின் எடுத்தாட்சியையும் அதே துறையில், அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுக்கும் முறை இதற்காகவே ஏற்பட்டது. ஈவு 1 என்றால் அக்கட்டுரை தன் துறையின் சராசரியில் நிற்கிறது. இதனைத் 'துறைநிகர் எடுத்தாட்சி' எனலாம்.