லிப்பைக் கூட்டினால் ஆஃப்செட் எவ்வளவு குறையும்? த்ரீ பீஸ் வீல் கட்டுவோருக்கு ஒரு கணக்கு

ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் 1970இல் தொடங்கப்பட்ட பி.பி.எஸ். நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஆர்.எஸ். வீல்களைப் பழைய கார் ஆர்வலர்கள் இன்றும் தேடிப் பிடித்து, பிரித்து, தங்கள் காருக்கு வேண்டிய அகலத்தில் மறுபடியும் கட்டிக்கொள்கிறார்கள். ஆரக்கால்கள் உள்ள நடு டிஸ்க், வெளிப்பக்க லிப், உட்பக்க பேரல் ஆகிய மூன்றும் வட்டமாகச் சிறு போல்ட்டுகளால் இணைந்திருப்பதால், லிப்பையோ பேரலையோ மாற்றினாலே அகலம் மாறிவிடும். பட்டறைக்கு வரும் ஆர்டர்களில் நான் அடிக்கடி திருத்துவது ஒன்றைத்தான்: அகலத்தைச் சரியாகக் கூட்டியவர்களே ஆஃப்செட்டைத் தவறாகக் கழித்திருப்பார்கள்.

ரிம்மின் அகலம் என்பது டயரைப் பிடித்து நிறுத்தும் இரு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட உள்ளளவு. ஓரத்திலிருந்து ஓரம் வரை டேப் பிடித்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். வீலில் ஈ.டி. என்று பொறிக்கப்பட்டிருக்கும் ஆஃப்செட்டோ, அந்த அகலத்தின் நடுக்கோட்டுக்கும், காரின் ஹப்பில் (வீல் மாட்டப்படும் சுழலும் பகுதி) வீல் பதியும் தளத்துக்கும் உள்ள தூரம். தளம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உட்பக்கம் இருந்தால் மைனஸ். லிப்பை மாற்றும்போது பதியும் தளமும் அசைவதில்லை, உள் ஓரமும் அசைவதில்லை. வெளி ஓரம் மட்டுமே நகர்கிறது. நடுக்கோடு அதில் பாதி தூரம் நகர்கிறது.

2 அங்குல லிப்பும் 6 அங்குல பேரலும் கொண்ட, ஈ.டி. 20 உள்ள 8ஜே (8 அங்குல அகல) வீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள் ஓரத்தின் மேல் நேர்க்கோலை வைத்துப் பதியும் தளம் வரை அளந்தால் சுமார் 134 மி.மீ. வரும், விளிம்பின் தடிப்பைச் சுமார் 12.5 மி.மீ. எனக் கழித்தால் சுமார் 121.6 மி.மீ. (அகலத்தில் பாதியான 101.6உடன் ஈ.டி. 20) மிஞ்சும். இதே வீலை 9ஜே ஆக்க 3 அங்குல லிப் போட்டால் வெளி ஓரம் 25.4 மி.மீ. வெளியே வரும், ஆனால் ஈ.டி. 12.7 மட்டுமே குறைந்து 7.3 ஆகும். முழு 25.4ஐயும் கழித்து ‘மைனஸ் 5.4’ என்று எழுதி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். லிப்பைத் தொடாமல் 7 அங்குல பேரல் போட்டால் உள் ஓரம் 25.4 மி.மீ. ஸ்ட்ரட்டை (வீலுக்கு உட்புறம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) நோக்கிப் போகும், ஈ.டி. 32.7 ஆகும். இரு பக்கமும் அரை அங்குலம் கூட்டினால் ஈ.டி. 20 அப்படியே நிற்கும், இரு ஓரங்களும் 12.7 மி.மீ. விலகும்.

ஆகவே ஈ.டி.யிலிருந்து கணக்கைத் தொடங்காமல், பதியும் தளத்திலிருந்து ஃபெண்டர் (வீலை மூடும் வெளித்தகடு) வரை எவ்வளவு இடம், ஸ்ட்ரட் வரை எவ்வளவு இடம் என்ற இரு அளவுகளைக் காரிலேயே எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் லிப்பையும் பேரலையும் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி. ஈ.டி. கடைசியில் தானாக வந்துவிடும். சில வடிவங்களில் டிஸ்க்கின் விளிம்பு லிப்புக்கும் பேரலுக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும். அங்கே பெயரளவுகளைக் கூட்டினால் மட்டும் போதாது, அந்த விளிம்பின் தடிப்பு எந்தப் பக்கக் கணக்கில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆரக்கால் பிரேக் காலிப்பரில் உரசினால் லிப்பை மாற்றித் தீர்க்க முடியாது. அந்த இடைவெளியை முடிவுசெய்வது டிஸ்க்கின் வடிவமும் பதியும் தளமும்தான். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு போட்டால் இடைவெளி கிடைக்கும், ஆனால் இரு ஓரங்களும் 5 மி.மீ. வெளியே வரும், அதையும் ஃபெண்டர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விட்டத்திலும் பெயரளவை நம்பக் கூடாது. 17ஐ 25.4ஆல் பெருக்கினால் 431.8 மி.மீ. வரும், 17 அங்குல ரிம்மில் டயர் அமரும் இடத்தின் தர விட்டமோ 436.6 மி.மீ. லேத்தில் லிப்பைக் கடைய முன்வரும் பட்டறையிடம் இந்த அளவைக் கேட்டுப் பாருங்கள். பெருக்கிச் சொன்னால் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அகலம் மாறினால் டயரும் மாற வேண்டியிருக்கும். 225/45 (225 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம்) டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 8.5 அங்குலம் வரைதான். 9ஜேக்கு 235/40 பொருந்தும். ஜெர்மனியில் இப்படி அகலம் மாற்றிய வீலுக்குப் பழைய ஒப்புதல் செல்லாது, தனி ஆய்வு வேண்டும். அந்த ஆய்வுக்குப் போகும் முன், இணைப்பில் காற்று கசியாதிருக்கச் சிலிகான் பூசுவதற்கும் முன், மூன்று துண்டுகளையும் சில போல்ட்டுகளால் மட்டும் இணைத்துக் காரில் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை கையால் திருப்பியும் சஸ்பென்ஷனை ஜாக்கால் தூக்கி அமுக்கியும் இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கு வெளியே எவ்வளவு பிதுங்கும் என்பதையும் அந்த அளவுகளிலிருந்து கழித்த பிறகே சிலிகான் குழாயைத் திறக்கலாம்.