சங்காயம் சேராத வலை

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய தம்பிக்குத் துபாயில் வேலை. உம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: "அம்மா போன் தண்ணில விழுந்துருச்சி இது பிரெண்டு நம்பர் அவசரமா 40000 போடுங்க கால் பன்னாதிங்க பேச முடியாது." உம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உடனே அனுப்பிவிட்டார்.

"எங்க வீட்ல உம்மான்னுதான் கூப்பிடுவோம். என் தம்பி வாயில அம்மாங்கிற வார்த்தையே வராது. ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியாதவன்கிட்ட எப்படி ஏமாந்தாங்க? தெருவுல வசியம்ங்கிறாங்க. இப்படிப் பண்றவங்க எல்லாரும் சைக்கோவா?" என்று கேட்கிறார்.

வசியத்தை முதலில் தள்ளிவிடுவோம். அப்படிச் சொன்னால் ஏமாந்தவர் மேல் பழி வராது என்பது உண்மைதான். ஆனால் திருடனுக்கு இல்லாத சக்தியை நாமே கொடுத்துவிடுகிறோம். அந்தச் சக்தியை முறிக்கிறேன் என்று தாயத்தோடு ஒருவர் வருவார், அவருக்கும் ஐயாயிரம் அழ வேண்டியிருக்கும்.

ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாதவனிடம் எப்படி ஏமாந்தார் என்பது நல்ல கேள்வி. இதே கேள்வியை 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி வேறு வடிவில் கேட்டார். "நான் நைஜீரிய இளவரசன், என் கோடிக்கணக்கான பணத்தை வெளியே எடுக்க உதவுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள், உலகமே சிரிக்கும் அந்த நைஜீரியாவை ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வேறு நாட்டின் பெயரைப் போட்டால் இன்னும் நான்கு பேர் நம்புவார்களே. அவர் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது: அவர்களுக்கு அந்த நான்கு பேர் வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கரைக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வலையின் மடியை அவிழ்த்துக் கொட்டினால் இறாலும் கணவாயும் ஒரு பங்கு, சங்காயம் என்று சொல்லும் கழிவு மீன் பல பங்கு. அதைப் பிரித்து எடுக்கத்தான் நேரமும் ஆளும். நண்டு வலைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. வலைக்கண் பெரிது, சூடை, மத்தியெல்லாம் தானாக ஓடிவிடும். மோசடிக்காரனின் சங்காயம் எது? பதில் போட்டு, அரை மணி நேரம் பேசி, கடைசியில் "ஒரு நிமிஷம், மகன்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று நழுவுகிறவர். மீன் சங்காயமாவது கோழித் தீவனத்துக்கு விலைபோகும். இந்தச் சங்காயம் பத்துப் பைசா பெறாது, நேரத்தை மட்டும் தின்னும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு லட்சம் பேருக்குச் செய்தி போகிறது. அனுப்பும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த லட்சத்தில் பணம் கொடுக்கக்கூடியவர் 100 பேர்தான். செய்தி பிழையில்லாமல், நம்பும்படி இருந்தால் 2,000 பேர் பதில் போடுகிறார்கள். அவர்களில் 80 பேர் பணம் தருகிறார்கள். ஒருவரிடம் பேச ஒரு மணி நேரம் என்றால் 2,000 மணி நேர உழைப்புக்கு 80 பேர். அதாவது ஒருவரைச் சாய்க்க 25 மணி நேரம். இதே செய்தி அபத்தமாக இருந்தால் 100 பேர்தான் பதில் போடுகிறார்கள், அதில் 40 பேர் பணம் தருகிறார்கள். இப்போது ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் போதும்.

40 என்பது 80-இல் பாதிதானே, நஷ்டமில்லையா என்று தோன்றும். மிச்சமான 1,900 மணி நேரத்தை மறந்துவிடுகிறோம். அதே 2,000 மணி நேரத்தில் அபத்தமான செய்தியை 20 லட்சம் பேருக்கு அனுப்பலாம், 800 பேர் சிக்குவார்கள். நல்ல பொய்க்கு 80, மட்டமான பொய்க்கு 800. இப்போது கீழக்கரைச் செய்தியைத் திரும்பப் படியுங்கள். "அம்மா" என்ற சொல்லில் சந்தேகப்பட்டவர் அங்கேயே விலகிவிட்டார். "கால் பன்னாதிங்க" என்றதை மீறி மகனை அழைத்துப் பார்ப்பவரும் விலகிவிட்டார். மிஞ்சியவர் பதற்றத்தில் சொல்லைக் கவனிக்காதவர், சொன்னதற்குக் கட்டுப்பட்டு அழைக்காமல் இருந்தவர். முதல் வரியிலேயே அவனுக்கு வேண்டிய ஆளை அந்தச் செய்தி பொறுக்கி எடுத்துவிட்டது. உம்மா முட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறொரு நாள், வேறொரு மனநிலையில் அவரே அதைப் பார்த்துச் சிரித்திருப்பார். லட்சம் பேருக்கு அனுப்பினால் யாரோ சிலருக்கு அது மோசமான நேரமாக இருந்தே தீரும்.

அனுப்புகிறவன் இவ்வளவும் யோசித்துப் பிழை விட்டான் என்று சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே எழுத வராமல் இருக்கலாம். காசு கொண்டுவரும் செய்தி திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது, கொண்டுவராதது கைவிடப்படுகிறது. யாரும் திட்டமிடாமலேயே வலைக்கண்ணின் அளவு சரியாக வந்துவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து கவலைக்குரிய ஒன்றும் கிடைக்கிறது. பேசும் வேலையை இனி செயற்கை நுண்ணறிவு செய்யும் என்றால் அந்த ஒரு மணி நேரத்தின் விலையும் பூஜ்யத்துக்கு இறங்கும். சங்காயம் சேர்ந்தால் அவனுக்கென்ன? அபத்தமாக எழுத வேண்டிய அவசியமும் போய்விடும். எழுத்துப்பிழையைப் பார்த்து உஷாராகும் நம் பழக்கம் கைகொடுக்காத காலம் வருகிறது. இனி வரும் செய்தியில் "உம்மா" என்றே இருக்கும்.

அடுத்து சைக்கோ விஷயம். 2002-இல் கனடாவில் மனஇயலாளர்கள் டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் மூன்று குணங்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள்: பிறரைக் காயாக நகர்த்தும் சூழ்ச்சி, தன்னைப் பற்றிய மிதப்பு, குற்ற உணர்வற்ற மனப்போக்கு. 2014-இல் பால்ஹஸ் உள்ளிட்ட குழு, இணையத்தில் வம்புக்கென்றே அடுத்தவரைச் சீண்டுகிறவர்களிடம் நான்காவதாக ஒன்று தூக்கலாக இருப்பதைக் கண்டது: பிறர் வலியில் ருசி காண்பது. காசுக்கு ஏமாற்றுகிறவனையும் ருசிக்காகக் கடிக்கிறவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பிறர் மனதைப் படிப்பது ஒரு திறமை, பிறர் வலி நமக்கும் வலிப்பது வேறொன்று. நம்மில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே ஓடும். இவர்களிடம் முதலாவது நன்றாக வேலை செய்யும், இரண்டாவது அணைந்திருக்கும். மகன் வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கு எந்த ஐந்து சொற்கள் வயிற்றைக் கலக்கும் என்று தெரிந்திருக்கிறதே, அது மனதைப் படிப்பதுதான்.

சைக்கோ என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். மனநோய் உள்ளவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் வர 2017 ஆயிற்று. அவர்கள் பெயரைத் திருடர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, பிறர் வலி நமக்கும் வலிக்கும் அந்த இரண்டாவது உணர்வு பிறவியிலேயே இல்லாதவர்கள்தான் இதைச் செய்கிறார்களா? ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தந்த மதிப்பீட்டின்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைத்துவைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள். கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள், தமிழ்ப் பையன்கள் உட்பட. இத்தனை பேரும் பிறவிக் கொடூரர்களாக இருக்க முடியாது. அணைக்கும் சுவிட்ச் எல்லோரிடமும் இருக்கிறது.

1975-இல் மனஇயலாளர் ஆல்பர்ட் பாண்டுராவும் அவர் குழுவினரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். தவறு செய்யும் ஒரு குழுவுக்கு மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும், எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி போகவில்லை. தொடங்கும் முன், உதவியாளர் அந்தக் குழுவைப் பற்றிப் பேசுவது "தற்செயலாக" மாணவர்கள் காதில் விழும். நல்ல மனிதர்கள் என்று கேட்டவர்கள் குறைவாக வைத்தார்கள். மிருகங்கள் மாதிரி என்று கேட்டவர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள். காதில் விழுந்தது ஒரே ஒரு வர்ணனை! காதல் நாடகமாடி முதலீடு செய்ய வைக்கும் மோசடிக்காரர்கள் தங்களுக்குள் இரையைப் பன்றி என்று குறிப்பிடுவது சும்மா கிண்டலுக்காக மட்டும் இல்லை.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய பெயர்பெற்ற சோதனையில், ஆய்வாளர் சொல்லச் சொல்ல இன்னொருவருக்கு மின்அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் (அதுவும் நடிப்புதான்). அதிர்ச்சி வாங்குகிறவர் அடுத்த அறையில் இருந்தபோது 65 சதவீதம் பேர் கடைசி வரை போனார்கள். ஒரே அறையில் உட்கார வைத்தபோது 40. கையைப் பிடித்துத் தகட்டில் வைக்கச் சொன்னபோது 30. கைபேசித் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு முகமே கிடையாது.

இதெல்லாம் அமெரிக்கா, கனடா பக்கத்து ஆட்களை வைத்துச் செய்தவை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மீனைப் பற்றி ஆராய மண்டபத்தில் 1940-களின் இறுதியிலேயே மத்திய நிறுவனம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சபராளி வீட்டுப் பெண்களும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் எந்தச் சொல்லில் விழுகிறார்கள் என்று ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குத் தராத அரசாங்கங்களிடம் மனஇயலுக்கென்று கேட்பது பேராசைதான். கேட்டு வைக்கிறேன்.

பாண்டுரா சோதனையின் இன்னொரு பாதி அதிகம் பேசப்படுவதில்லை. அதிர்ச்சியின் அளவு நீங்கள் மட்டும் சொல்வதல்ல, மூன்று பேர் சொல்வதன் சராசரி என்றதும் மாணவர்கள் இன்னும் கூட்டி வைத்தார்கள். பொறுப்பைப் பங்கு போட்டதும் கை தாராளமானது. "பேங்க் அக்கவுண்ட் மட்டும் குடு மாப்ள, மாசம் ஐயாயிரம், நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்ற பேச்சு ஓடுவது இதே சுவிட்சில்தான். கணக்கைக் கொடுத்தவன் யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் பேசக்கூட இல்லை. அப்படித்தான் அவனுக்குத் தோன்றும். ஆனால் திருட்டுப் பணம் முதலில் வந்து விழுவது அவன் பெயரும் ஆதாரும் உள்ள கணக்கில்தான். போலீஸ் முதலில் கதவைத் தட்டுவதும் அவன் வீட்டில்தான்.

அந்தக் கணக்கிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும். தாவுமுன் முடக்கினால் மீட்க வாய்ப்பு உண்டு. அதற்குத்தான் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண். மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் அதற்கு அடியுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரையாடலை அவமானத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.