"எத்தனை சரி?" என்று கேட்காதீர்கள்: கணினி ஆள் பார்த்துக் கேள்வி தரும் தேர்வுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வை முடித்த பிள்ளைகளை வெளிநாட்டு நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்வது என் வேலை. பயிற்சித் தேர்வு முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் வாசலில் நிற்கும் பெற்றோர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை சரி?" "பாதிதான் லா பா" என்று பிள்ளை சொன்னதும் முகம் தொங்கிவிடும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆரில் 7ஏ எடுத்தவர்களின் படத்தைப் பத்திரிகையில் தேடிப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்தத் தேர்வை 2021இல் நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டே மூன்றாம் படிவத்தின் பிடி3யும் போனது, ஆனால் சரியான விடைகளை எண்ணும் பழக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆள் பார்த்துக் கேள்வியை மாற்றும் கணினித் தேர்வில், அதாவது அடாப்டிவ் தேர்வில், அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கே எல்லோருக்கும் ஒரே தாள் கிடையாது. பொதுவாக நடுத்தரமான ஒரு கேள்வியில் ஆரம்பிக்கும், சரியாகச் செய்தால் கொஞ்சம் கடினமானது வரும், தப்பாகச் செய்தால் கொஞ்சம் எளிதானது வரும். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் 'இவருடைய திறன் ஏறத்தாழ இந்த இடத்தில்' என்று கணினி தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டே போகும். கடைசியில் மதிப்பெண்ணாக வருவது அந்த மதிப்பீடுதான். கடினமான கேள்விகளில் பாதியைச் சரியாகச் செய்தவரும் எளிதான கேள்விகளில் பாதியைச் சரியாகச் செய்தவரும் வெளியே வந்து "பாதிதான்" என்றே சொல்வார்கள், ஆனால் மதிப்பெண்ணில் இருவருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

கணினிக்கு முன்பே பிறந்த யோசனை இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து, விடை வருவதைப் பார்த்து மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் கேள்வி கேட்டார். அதைக் கணக்காக்கத் தேவையான அடிப்படையை டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ், அமெரிக்காவின் ஃபிரெடரிக் லார்ட் போன்றவர்கள் கொடுத்தார்கள். 1990களில் அமெரிக்க ராணுவத்தின் ஆள்சேர்ப்புத் தேர்வும், 1994இல் தாதியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸும் இந்த முறைக்கு மாறின.

சரி, இந்த மாதிரி தேர்வில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஏறத்தாழ பாதி ஏன் தப்பாகிறது? பிள்ளைக்கு அத்துப்படியான கேள்வியைக் கொடுத்தால் அவர் சரியாகச் செய்வார், அதிலிருந்து நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. ரொம்பக் கடினமானதைக் கொடுத்தாலும் அப்படித்தான். ராஷ் கணக்கில் ஒரு கேள்வி தரும் தகவலின் அளவு, அது சரியாகும் வாய்ப்பையும் தப்பாகும் வாய்ப்பையும் பெருக்கி வருவது. பாதிக்குப் பாதி என்றால் 0.25, பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடும் கேள்வி என்றால் வெறும் 0.09. அதனால் கணினி உங்கள் பிள்ளைக்குத் தெரிந்ததும் தெரியாததும் உரசிக்கொள்ளும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறது. குறைந்த கேள்விகளில், குறைந்த நேரத்தில் துல்லியமான மதிப்பீடு கிடைப்பது இதனால்தான், பிள்ளைக்குத் தேர்வு முழுக்கத் தடுமாறியது போல் இருப்பதும் இதனால்தான். இதில் அதிகம் நொறுங்கிப்போவது முதல் மாணவர்கள். வாழ்நாளெல்லாம் 90க்கு மேல் வாங்கியவருக்கு இரண்டு கேள்விக்கு ஒன்று கைவிட்டுப் போவது பழக்கமே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை என்பது என் கட்சி. 70 சதவீதம் சரியாகும்படி கேள்விகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றின் தகவல் 0.21. 20 கேள்வியில் முடிவதை ஏறத்தாழ 24 கேள்வியில் முடிக்கலாம், அவ்வளவுதான் கூடுதல் செலவு. நாலு கேள்விக்காகப் பத்து வயதுப் பிள்ளையை அழவிட வேண்டுமா என்ன?

முறையை அரைகுறையாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளிடம் வேறு கோளாறு. "அடுத்தது ஈசியா வந்துச்சு மிஸ், அப்போ முன்னாடி போட்டது தப்புதானே?" என்று தேர்வுக்குள்ளேயே துப்பறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த கேள்வியைக் கணினி கடினத்தை மட்டும் பார்த்து எடுப்பதில்லை: எந்தப் பாடப்பகுதியிலிருந்து எத்தனை வர வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு, ஒரே கேள்வி எல்லோர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்பதற்காக நல்ல கேள்விகளை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கும் ஏற்பாடும் உண்டு, போதாதற்கு நடுநடுவே மதிப்பெண்ணே இல்லாத சோதனைக் கேள்விகளும் வரும். என்கிளெக்ஸில் குறைந்தது 85 கேள்வி, அதில் 15 இப்படிப்பட்டவை. உங்களுக்கு எளிதாகத் தெரிவது புள்ளிவிவரப்படி கடினமான கேள்வியாகவும் இருக்கலாம். அதே என்கிளெக்ஸில் 85ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டால் 'தோற்றுவிட்டேன்' என்று அழுகிறவர்கள் உண்டு. இவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்துவிட்டால் தேர்வு அங்கேயே நின்றுவிடும், மேலே என்று தெரிந்தாலும் அப்படித்தான்.

முதல் பத்து கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று டியூஷன் வட்டாரத்தில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. ஆரம்பத்தில் மதிப்பீடு பெரிய பெரிய எட்டு வைத்து நகரும் என்பது உண்மை. கேள்விகள் மிகக் குறைவான தேர்வில் திறமையான பிள்ளை தொடக்கத்திலேயே சறுக்கினால் மேலே வர நேரம் போதாமல் போகலாம், ஆய்வாளர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் தேவையான அளவு கேள்விகள் இருந்தால் பிந்தைய பதில்கள் அதைச் சரிக்கட்டிவிடும். இந்தப் பேச்சை நம்பி முதல் பத்துக்கே நேரத்தைக் கொட்டிவிட்டுக் கடைசிக் கேள்விகளைத் தொடாமல் வருகிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். வணிக மேற்படிப்புக்கான ஜிமேட் போன்ற தேர்வில் முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி கொஞ்சம் வேறு மாதிரி. 2023 மார்ச்சில் நம்மைப் போன்ற வெளிநாட்டுத் தேர்வர்களுக்கும், 2024இல் அமெரிக்காவிலும் அது கணினிக்கு மாறியது. கேள்விக்குக் கேள்வி மாறாது, பகுதிக்குப் பகுதி மாறும். வாசிப்பு-எழுத்து, கணிதம் இரண்டிலும் முதல் பகுதி எல்லோருக்கும் கலவையாக வரும், அதைச் செய்த விதத்தைப் பொறுத்து இரண்டாவது பகுதி எளிதாகவோ கடினமாகவோ அமையும். ஒரு பகுதிக்குள் முன்னே பின்னே போய்த் திருத்தலாம், முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. இங்கே முதல் பகுதிக்கு நிஜமாகவே கனம் அதிகம், அவசரப்பட்டு எளிய கேள்விகளைக் கோட்டை விடக்கூடாது. பட்ட மேற்படிப்புக்கான ஜிஆர்இயும் 2011இலிருந்து இப்படிப் பகுதிவாரியாகத்தான் மாறுகிறது.

டெலிகிராமில் 'நேற்று வந்த கேள்விகள்' என்று காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். இது பழைய வியாதி. 1994இல் கேப்ளான் பயிற்சி நிறுவனம் தன் ஆட்களை அனுப்பி ஜிஆர்இ எழுத வைத்தது, அவர்கள் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்ததைக் காட்டியதும் தேர்வு நடத்திய இடிஎஸ் கணினித் தேர்வுகளைக் குறைத்துக்கொண்டு, வழக்கும் போட்டது. கேள்விகளைச் சுழற்சியில் விடுவதிலும், ஒரு கேள்வி எத்தனை பேர் கண்ணில் படலாம் என்று வரம்பு வைப்பதிலும் அக்கறை கூடியதற்கு இந்த மாதிரி சம்பவங்களும் காரணம். நீங்கள் வாங்கும் கேள்வி உங்கள் திரையில் வரும் வாய்ப்பு குறைவு, பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாகும் வாய்ப்பு உண்டு.

நம் நாட்டுக்கு இது புதிதில்லை. 15 வயது மாணவர்களுக்கான பீசா ஆய்வில் 2018இல் வாசிப்பும் 2022இல் கணிதமும் இந்த முறைக்கு வந்தன, மலேசியா இரண்டையும் கணினியில்தான் எழுதியது. 2018இல் 440 ஆக இருந்த நம் கணித மதிப்பெண் 2022இல் 409 ஆனது. அதற்குக் கணினியைக் குறை சொல்வது சரியில்லை, கோவிட் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனாலும் செந்தூல் அடுக்குமாடியில் அம்மாவின் கைப்பேசியை மட்டுமே தொட்டு வளர்ந்த பிள்ளைக்கும் சொந்த மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டா என்றால், அது தேர்வின் வகையைப் பொறுத்தது. 1993இல் மீட், டிராஸ்கோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நேர நெருக்கடி இல்லாத தேர்வுகளில் தாளில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கணினியில் வாங்கியதற்கும் ஒப்புமை (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.97, வேகம்தான் முக்கியம் என்ற தேர்வுகளில் 0.72. வேகத் தேர்வு என்றால் விசைப்பலகையிலும் மௌஸிலும் கை பழகியே ஆக வேண்டும், கைப்பேசியில் பயிற்சி செய்வதை நம்பி இருக்காதீர்கள்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடம் இப்போது 'ஏஐ அடாப்டிவ்' என்று செயலிகளை விற்க வருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன், அவர்களுடைய கேள்வி வங்கியில் ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். முறையாகச் செய்ய ஒரு கேள்விக்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பதில் வேண்டும். தமிழில் கேட்கும் கணிதம், அறிவியல் கேள்விகளுக்கு அவ்வளவு பேரைத் திரட்டுவது லேசான காரியமில்லை. அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து 'ஈசி, மீடியம், ஹார்ட்' என்று குறித்திருந்தால் அதன் மேல் எந்தக் கணக்கை ஓட்டினாலும் ஒப்பேறாது. அப்புறம், மதிப்பெண்ணோடு பிழை வரம்பையும் காட்டுகிறதா என்று பாருங்கள். 62 என்று மட்டும் காட்டினால் அது 55 முதல் 69 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். எஸ்ஏடி எழுதப்போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழுநீளப் பயிற்சித் தேர்வுகளை முடியுங்கள், அவை நிஜத் தேர்வு போலவே இரண்டாம் பகுதியை மாற்றித் தரும். அச்செடுத்துச் செய்யும் தாள்களில் அந்த மாற்றம் நடக்காது.