ஃபைபரை மடிக்காதீர்கள், உள்ளே ஓடுவது வெளிச்சம்

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் 'நெட் வரலை' என்று கூப்பிடும் வீடுகளில், பல நேரம் பழுது தெருவில் இருப்பதில்லை. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதிலிருந்து வரும் மஞ்சள் ஒயரை, அதாவது ஃபைபரை, நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். ஒண்டுக் குடித்தனத்தில் இடம் கிடையாது, குழந்தை பிடித்து இழுக்கும், வேறென்ன செய்வார்கள்? மடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஒயருக்குள் செம்பு இல்லை, கண்ணாடி. நடுவில் 9 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் ஒரு கரு, அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி உறை. இரண்டும் சேர்ந்து 125 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. கருவின் ஒளிவிலகல் எண் உறையைவிடத் துளி அதிகம். அதனால் உறையின் மேல் மாறுநிலைக் கோணம் என்கிற எல்லையைத் தாண்டிச் சாய்வாக விழும் ஒளி வெளியேற முடியாமல் முழுசாக உள்ளேயே திரும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். கேரம் ஸ்டிரைக்கர் நாலு கட்டையில் பட்டால் சோர்ந்து நின்றுவிடும். இந்த எதிரொளிப்பில் ஒளி எத்தனை முறை திரும்பினாலும் சோராது. மிச்ச இழப்பு பெரும்பாலும் கண்ணாடியின் சுத்தத்தைப் பொறுத்தது. 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் அதைத்தான் சுட்டிக்காட்டினார். 2009-இல் நோபல் பரிசு வந்தது. 2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போட்ட கேபிளும் இதே கண்ணாடிதான்.

சரி, மடித்தால் என்ன ஆகும்? நெட் பழுது பார்க்கப் போகும் எங்கள் பையில் சிவப்பு லேசர் பேனா ஒன்று இருக்கும். ஒயரின் ஒரு முனையில் அதைச் செருகி அறை விளக்கை அணைத்தால், நேராகப் போகும் இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும். மடிப்பு வந்த இடத்தில் மட்டும் மஞ்சள் உறையைத் தாண்டிச் சிவப்பாகக் கசியும். அங்கே ஒளி சாய்வாகப் படாமல் குத்தலாகப் பட்டு வெளியே போகிறது. ரப்பர் பேண்டை எடுத்து வளையத்தைத் தளர்த்தினால் கசிவு நிற்கும், மோடத்தில் பச்சை வரும். உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் வராது. ஒயரையே மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள் போடும் புது ரக ஃபைபர் 10 மில்லிமீட்டர் ஆரம்வரை வளைவதைத் தாங்கும், பழைய ரகத்துக்கு 30 வேண்டும். எது உங்களுடையது என்று தேட வேண்டாம். டீ தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி வையுங்கள். ஆணி அடித்து நெருக்காதீர்கள். மாடியில் தொங்கும் கேபிளில் துணி காயப்போடாதீர்கள்.

இதே கணக்கு வண்டியின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரிலும் உண்டு. அந்த பிளாஸ்டிக்கின் பின்பக்கம் குட்டிக் குட்டி மூலைகளாக வார்த்திருப்பார்கள். ஒளி அங்கே முழு அக எதிரொளிப்பால் திரும்புகிறது. அதற்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும். விரிசல் வழியாக மழைத் தண்ணீர் புகுந்தால் மாறுநிலைக் கோணம் 42 டிகிரியிலிருந்து 63 வரை ஏறிவிடும், ஒளி திரும்பாமல் தண்ணீருக்குள் போய்விடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்கள், விரிசல் விட்ட ரிஃப்ளெக்டரை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஒயர் அறுந்தால் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வரும் ஒளி பலம் குறைந்ததுதான். ஆனால் அது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை தானாக மூடாது. கீழே சிதறிய கண்ணாடித் துணுக்கும் லேசில் தெரியாது, காலில் ஏறினால் எடுப்பது பெரும் பாடு. கையால் துடைக்காமல் செல்லோ டேப்பை ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். ஒயர் மாற்ற வருகிற பையனிடமும் வெட்டிய துண்டுகளை எங்கே போட்டான் என்று கேளுங்கள்.