வலக்கைத் தமனி வழி மாறினால்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்மணிக்கு இளம் வயதிலிருந்தே சாப்பாடு விழுங்கக் கஷ்டம். வருடக்கணக்கில் அதோடு போராடி, கடைசியில் ஒரு வாய்கூட இறங்காமல் மெலிந்து இறந்துபோனார். டேவிட் பேஃபோர்ட் என்ற மருத்துவர் உடலைத் திறந்து பார்த்தார். உணவுக்குழாயில் அடைப்புக்குக் காரணமான கட்டி எதுவும் இல்லை. வலக்கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிதான் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அது இடப்பக்கத்தில் கிளம்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து வலப்பக்கம் போயிருந்தது. 'இயற்கையின் விளையாட்டு' என்று பொருள்படும் லத்தீன் தொடரால் பேஃபோர்ட் அதைக் குறித்தார். இப்படி வரும் விழுங்கல் சிரமத்துக்கு 'டிஸ்ஃபேஜியா லுசோரியா' என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது.

எனக்கு அந்த 'விளையாட்டு' என்ற சொல்லில் உடன்பாடில்லை. தமனி ஏன் அந்த வழியில் போனது என்பதற்குத் துல்லியமான காரணம் இருக்கிறது.

முதலில் வழக்கமான அமைப்பைப் பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து மேலே ஏறும் பெருந்தமனி, கைத்தடியின் பிடிபோல வளைந்து முதுகுப் பக்கமாக இறங்குகிறது. வளைவின் மேல் மூன்று கிளைகள். முதல் கிளை சற்று தூரம் போய், கழுத்தின் வலப்பக்கத்துக்கும் வலக்கைக்குமாக இரண்டாகப் பிரியும். இரண்டாவது கழுத்தின் இடப்பக்கத்துக்கு, மூன்றாவது இடக்கைக்கு. கைக்குப் போகும் தமனிகள் காரை எலும்புக்குக் கீழே ஓடுவதால் அவற்றைக் காரைக்கீழ்த் தமனி என்கிறோம். மருத்துவர்கள் பேச்சில் சப்கிளேவியன். வலப்பக்கம் இரண்டும் ஒரே அடிமரத்தில் கிளம்ப, இடப்பக்கம் மட்டும் ஏன் தனித்தனி?

விடை கருவில் இருக்கிறது. நான்காவது வாரத்தையொட்டி, மீனுக்குச் செவுள்களுக்குப் போகும் தமனிகளைப் போலவே, மனிதக் கருவின் கழுத்துப் பகுதியிலும் தமனி வளைவுகள் ஜோடி ஜோடியாகத் தோன்றுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. ஒன்று தோன்றும்போது இன்னொன்று மறைகிறது. இந்தக் குழப்பத்தை ஒரு கோயிலை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும்தான் கோயில். முன்வாசலில் இருந்து ஒரு தெரு இடப்பக்கமாகவும் ஒன்று வலப்பக்கமாகவும் சுற்றிப்போய்க் கோயிலுக்குப் பின்னால் ஒன்று சேர்கின்றன. வலது தெருவில் முதலில் கழுத்துக்கான சந்து, அடுத்து வலக்கைக்கான சந்து. சரி, இப்போது வலது தெருவில் கடைசிச் சந்தைத் தாண்டிய பின்பகுதியை மூடிவிடுங்கள். மிச்சமிருக்கும் முன்பகுதிதான் வலப்பக்கத்து அடிமரம். முழுதாகத் தப்பிய இடது தெரு நம் பெருந்தமனி வளைவு.

மூடவேண்டிய இடம் மாறிப்போய், இரண்டு சந்துகளுக்கும் நடுவே தெரு மூடிக்கொண்டால்? வலக்கைக்கு முன்பக்கம் வழி கிடையாது. ரத்தம் இடது தெருவில் சுற்றிப்போய், கோயிலின் பின்பக்கமாகத்தான் வலக்கைக்கு வரவேண்டும். அதனால்தான் இந்தத் தமனி வளைவின் கடைசிக் கிளையாக முளைத்து, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே போகிறது. பேஃபோர்ட் கண்டதுபோல நடுவே புகுவது குறைவு. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை தெரியாது.

எந்தத் தெருவும் மூடாவிட்டால் வளைவு இரட்டையாகி இரு குழாய்களையும் வளையம்போல இறுக்கும். குழந்தை மூச்சுவிடும்போது கர்கர் என்று சத்தம் வரும், பால் குடிக்கத் திணறும். 1945இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அப்படியொரு வளையத்தை வெட்டிப் பிரித்ததிலிருந்து இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. இடது தெரு மூடி வலது தெரு தங்கினால் வளைவு வலப்பக்கம் அமையும். மனிதரில் இது அபூர்வம். பறவைகளுக்கோ அதுதான் இயல்பு. நம் வாசலில் வந்து நிற்கும் காக்கைக்கும் வளைவு வலப்பக்கம்தான்.

வழி மாறிய தமனியை உயிரோடிருக்கும் ஒருவரிடம் முதலில் எக்ஸ்ரேயில் அடையாளம் கண்டவர் ஜெர்மனியின் கொம்மரெல், 1936இல். பேரியம் கரைசலை விழுங்கச் சொல்லிப் படம் எடுத்தால், வெள்ளையாகத் தெரியும் உணவுக்குழாயில் சாய்வாக ஒரு பள்ளம், விரலால் அழுத்தியதுபோல இருக்கும். அந்தத் தமனி முளைக்கும் இடத்தில் சிலருக்கு இருக்கும் புடைப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். வயதாகித் தமனி விறைக்கும்போதோ அந்தப் புடைப்பு பெருக்கும்போதோ, அதுவரை இல்லாத சிரமம் தலைகாட்டலாம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது குரல் நரம்பு. வழக்கமாக வலப்பக்கத்தில் அது கீழே இறங்கி, காரைக்கீழ்த் தமனியைக் கொக்கிபோலச் சுற்றி, மறுபடி மேலேறிக் குரல்வளைக்குப் போகும். வழி மாறியவர்களுக்கு அந்த இடத்தில் சுற்றிக்கொள்ளத் தமனியே இல்லை. நரம்பு கழுத்திலிருந்து நேரே குரல்வளைக்குள் போய்விடுகிறது. தைராய்டு அறுவையின்போது மருத்துவர் நரம்பைத் தேடுவது சுரப்பியின் பின்புறம் கீழிருந்து மேலே. அது அங்கே கிடைக்காது. அவர் எதிர்பார்க்காத இடத்தில் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். தெரியாமல் வெட்டுப்பட்டால் குரல் கம்மிப்போகும். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்பவர்களுக்கும் இது தொல்லை. வலக்கை வழியே ஏற்றும் கம்பி இதயத்துப் பக்கம் திரும்பாமல் கீழ்நோக்கி இறங்கப் பார்க்கும்.

வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'வலது சப்கிளேவியன் தமனி வழிமாறியுள்ளது' என்று ஒரு வரி இருந்தால் பயப்படவேண்டாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். தைராய்டு அறுவைக்கோ ஆஞ்சியோகிராமுக்கோ போகும் அன்று அதை எடுத்துக் காட்டுங்கள்.