"கணினி சொல்லிவிட்டது" என்றால் யார் சொன்னது?

என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இப்படி வந்தவர்களில் இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது ஆள். நான்காக மடித்த கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மையார் கேட்டார்: "கம்ப்யூட்டர் முடியாது என்று சொல்லிவிட்டதாம். அதை எதிர்த்துக் கேட்க வழி இருக்கிறதா, சார்?" கடிதத்தில் இரண்டே வரிகள். தானியங்கி மதிப்பீட்டின்படி கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே கையெழுத்தும் இல்லை, பெயரும் இல்லை, பதவியும் இல்லை.

நான்கு மாதமாக அதைக் கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறார். எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு பக்க நோட்டீஸ் அனுப்பினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் வாராக்கடன் இவர் கணக்கில் ஏறியிருந்தது. முகவரி வேறு, கையெழுத்து வேறு. இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் தெரியும். பார்ப்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

அந்த நிறுவனத்தின்மேல் வந்த கோபத்தைவிட எனக்கு அதிகக் கோபம் வேறொரு பேச்சின்மேல்தான். "எந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. அது சொன்னால் நியாயமாகத்தான் இருக்கும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அந்த அம்மையாரின் உறவினர்களும் அதைச் சொல்லித்தான் நான்கு மாதம் அவர் வாயை அடைத்திருக்கிறார்கள். எத்தனையோ முறை சொன்னதை மறுபடியும் சொல்கிறேன்: எந்திரத்தின் முடிவும் அதை அமைத்த மனிதரின் முடிவுதான்.

2020இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் பள்ளியிறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த தரநிலைகளை ஒரு கணக்கீட்டு முறை திருத்தியது. (அதைச் செயற்கை நுண்ணறிவு என்பதுகூட மிகை. வெறும் புள்ளியியல் சூத்திரம். தீங்கு செய்ய அதுவே போதுமானதாக இருந்தது.) மாணவரின் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேறியது என்பதைச் சூத்திரம் பெரிதாக எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகளாகப் பின்தங்கிய பள்ளியில் ஒரு மாணவி நன்றாகப் படித்தாலும், முன்பு அங்கே படித்தவர்களின் நிழல் அவள்மேல் விழுந்தது. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஆசிரியர் கொடுத்த தரநிலை அப்படியே நின்றது. அவ்வளவு சிறிய வகுப்புகள் எந்தப் பள்ளிகளில் அதிகம்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். சூத்திரத்தில் பணக்காரர், ஏழை என்ற சொல்லே கிடையாது. விளைவில் இருந்தது. ஏறத்தாழ 40 சதவீதத் தரநிலைகள் ஆசிரியர் கணிப்பைவிடக் குறைந்தன. ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 17ஆம் தேதி அரசு பின்வாங்கியது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் கொடுமை. அரசு உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை அரசின் கணினி 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட, "கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதங்கள் போயின. ஆறு மாதம் வேலை பார்த்து, மீதி ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றவர், ஆண்டு முழுவதும் சம்பாதித்தவர் ஆகிவிட்டார். இந்த வகுத்தலில் விருப்பு வெறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இப்படி வகுத்தால் போதும் என்றும், தவறில்லை என்று நிரூபிப்பது ஏழையின் வேலை என்றும் ஒரு மனிதர் முடிவு செய்தாரே, அங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். இப்படிச் சுமத்திய சுமார் 4,70,000 கடன் கணக்குகளுக்கான 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக 2020இல் அரசு அறிவித்தது. இடையில் உடைந்துபோன குடும்பங்களுக்கு எந்தக் கணக்கு?

இப்படி எதிர்ப்பவர்களை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து எதைப் பெற்றார்கள் என்று பாருங்கள். எழுத்தாளர் விரும்பினால், நிறுவனமும் ஒப்புக்கொண்டால், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. எந்திரம் எழுதியதை நிறுவனம் எழுத்தாளர் கையில் கொடுத்தால் அதைச் சொல்லியாக வேண்டும். இதில் எந்த முன்னேற்றம் நின்றுபோனது?

பொறுப்பு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டாம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் செயலி (சாட்பாட்) ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகையைச் சொன்னது. அந்தச் செயலி தனியான ஒன்று, அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்ற ரீதியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. செயலியை வைத்தவர்தான் பொறுப்பு.

ஆகவே, கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். உறையையும் வைத்துக்கொள்ளுங்கள், தேதி அதில்தான் இருக்கும். திரையில் மட்டும் வந்த முடிவென்றால் உடனே படமெடுத்து வையுங்கள், மறுநாள் அது மாறியிருக்கலாம். தொலைபேசியில் மன்றாடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: என்ன தகவல், எங்கிருந்து வந்தது, முடிவுக்குப் பொறுப்பான அதிகாரி யார், ஒரு மனிதர் இதை மறுபடி பார்ப்பாரா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது; அங்கே 2024இல் வந்த புதிய சட்டம் கடன் தகுதி மதிப்பீட்டை அதிக ஆபத்துள்ள பயன்பாடு என்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லையென்றாலும் கேள்வி கேட்கத் தடையில்லை.

மேல்முறையீட்டு மனுவை உரையாடல் செயலியிடம் எழுத வாங்கி அப்படியே அனுப்பாதீர்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அப்படி ஒரு செயலி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. சக வழக்கறிஞர்களே, மேற்கோளை மூலத்தில் போய்ப் பாருங்கள். அது நம் வேலை.

கடைசியாக, கைகூப்பிக் கேட்கிறேன்: நான்கு மாதம் காத்திருக்காதீர்கள். அந்த அம்மையாரின் பதிவு திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அவர் வாங்க நினைத்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். மற்ற இருவரில் ஒருவருக்கு நான் எதுவுமே செய்ய முடியவில்லை. அவர் வந்தபோது மேல்முறையீட்டுக் கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.