கௌரவம்: கனத்திலிருந்து வந்த சொல்

போன மாதம் அக்கா மகளைக் கோலாலம்பூர் கொலிசியம் திரையரங்குக்குக் கூட்டிப்போனேன். அடிதடிப் படம். காதலித்துவிட்ட மகள் முன்னால் அரிவாளோடு நின்று, "நம்ம குடும்ப கௌரவம் என்னாவது?" என்று கத்துகிறார் அப்பா. கீழே மலாயில் 'மாருவா கெலுவார்கா' என்று ஓடியது. "மாமா, கௌரவம்னா மாருவாதானே?" என்றாள் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கும் அவள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்கு நிறைவாக இல்லை.

கௌரவம் வடமொழிச் சொல். அங்கே 'குரு' என்றால் முதலில் கனமானது என்று பொருள். அதிலிருந்து பிறந்த கௌரவம் முதலில் எடையைக் குறித்து, பிறகு பெரியவர்களுக்குரிய மதிப்பைக் குறித்தது. "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று நாம் சொல்வதிலும் இதே எண்ணம்தான். மலாயில் ஆசிரியரைக் குறிக்கும் குருவும் இதே குருதான். மகாபாரதக் கௌரவர் வேறு. அது குரு வம்சத்துப் பெயர். தமிழ் எழுத்தில் ஒலி வேறுபாடு தெரியாததால் ஒன்றுபோலத் தோன்றுகிறது. கவுரவம் என்றும் எழுதலாம். 'ள' போட்டுக் கெளரவம் என்று எழுதுவது பிழை.

திரையில் இந்தச் சொல் போன பாதையைப் பாருங்கள். 1973இல் வந்த 'கௌரவம்' படத்தில் சிவாஜி பாரிஸ்டர். அங்கே கௌரவம் ஒரு மனிதரின் தொழில் பெருமிதம்; வளர்ப்பு மகனோடு அவர் நீதிமன்றத்தில் மோதுகிறார். 2013இல் ராதாமோகன் இயக்கத்தில் அதே தலைப்பில் இன்னொரு படம். அது சாதியின் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றியது. தலைப்பு மாறவில்லை, பொருள் எங்கே வந்து நிற்கிறது! பல அடிதடிப் படங்களில் கனம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் ஏறுகிறது. மகன் ஊரையே வெட்டிச் சாய்த்தாலும் போகாத கௌரவம், மகள் காதலித்தால் போய்விடுகிறது.

சரி, மாருவா? அது அரபியிலிருந்து வந்தது, மூலப்பொருள் ஆண்மை. கெலுவார்காவுக்குள் வடமொழிக் குலமும் வர்க்கமும் இருக்கின்றன. ஆண்மை, குலம். அந்தக் காட்சியில் இருந்ததும் இந்த இரண்டும்தான்.

கௌரவத்தைத் தமிழில் ஒரே சொல்லால் ஈடுகட்ட முடியாது. கோயில் விழாப் பதாகையில் வரும் கௌரவ விருந்தினர் சிறப்பு விருந்தினர். படத்தில் கௌரவத் தோற்றம் சிறப்புத் தோற்றம். கௌரவ டாக்டர் மதிப்புறு முனைவர். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் தன்மதிப்பு. குடும்ப கௌரவத்துக்குக் குடிப்பெருமை என்பேன். குடி என்றதும் மது நினைவுக்கு வருகிறது என்றால் குடும்பப் பெருமை போதும். வள்ளுவர் குடிமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்:

"நகைஈகை இன்சொல் இகழாமை நான்கும்
வகையென்ப வாய்மைக் குடிக்கு."

முகமலர்ச்சி, கொடை, இனிய சொல், யாரையும் இகழாமை. நல்ல குடும்பத்துக்கு அடையாளமாக இந்த நான்கைத்தான் சொல்கிறார். நாம் பார்த்த படத்தில் அந்த அப்பா செய்ததெல்லாம் இகழ்ச்சி. மருமகனாக வரவிருந்தவனின் சாதியை, வேலையை, வீட்டை இகழ்ந்தார். அப்புறம்தான் அரிவாள்.

அதனால்தான் கௌரவக் கொலை என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. கொலைக்கு மதிப்பின் பெயரைச் சூட்டக் கூடாது. ஆணவக் கொலை என்பதே சரி, தமிழ்நாட்டில் பலர் போராடி நிலைநிறுத்திய சொல் அது. ஆணவமும் வடமொழிவழி வந்ததுதான், 'அணு'விலிருந்து. உயிரை அணு அளவுக்குச் சுருக்கிவிடும் மலம், அதாவது அழுக்கு, என்கிறது சைவ சித்தாந்தம்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்னேன். "அப்ப அந்த அப்பா கத்தினது?" என்றாள். "அதுக்குப் பேரு ஆணவம்மா" என்றேன்.